நூல் கட்டாத பொட்டலம்

அரெஸ்ட்னு சொல்லாதேம்மா. உள்ளே போய் அந்த வார்த்தையை எடுத்துடாதே. "என் தம்பியைக் கூப்பிட்டு ஒரு என்கொயரி பண்ணுங்கய்யா"ன்னு சொல்லு. என்கொயரின்னா கூப்பிட்டு விசாரிக்கிறது. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணுமில்லை. நீ பாட்டுக்குக் கேட்டுல நின்னுக்கிட்டு, பாரா நிக்கிற போலீஸ்காரர்கிட்ட, "எங்க தம்பியை அரெஸ்ட் பண்ணி ஒரு நாள் உள்ளே வைங்க"ன்னு கத்துறே. ரோட்டுக்கு இந்தப் பக்கம் தோசைக் கரண்டியோட நிக்கிற எனக்கே கேக்குது. அதான் கையைத் தட்டிக் கூப்பிட்டேன்.

உட்காரு. அந்த பெஞ்சு ஆடும், இப்படி வா. இந்தா, டீயைக் குடி. ஏட்டய்யா பெரிய ஆபீஸுக்குத் தபால் கொண்டு போயிருக்கார். திரும்பி வந்தா முதல்ல இங்கதான் வருவார், நம்ம டீயைக் குடிக்காம ஸ்டேஷனுக்குள்ள கால் வைக்க மாட்டார். வரட்டும், நானே சொல்றேன். "ஏட்டய்யா, இது நமக்கு வேண்டிய பிள்ளை, பாத்து விடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த ஸ்டேஷன்ல எத்தனையோ இன்ஸ்பெக்டர் மாறியாச்சு. செண்பகம் கடை இட்லி மாறலை.

நான் ரோட்டையே பாக்குறேன்னு நினைக்காதே. காது உன்கிட்டத்தான் இருக்கு. என் மகன் வர்ற நேரம். கண்டிஷன் பெயில்ல இருக்கான். கண்டிஷன் பெயில்னா, ஜெயில்ல இருந்து விட்டுருவாங்க, ஆனா தினம் காலையில ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடணும். இன்னைக்கோட அது முடியுது. இன்னைக்குத்தான் கடைசிக் கையெழுத்து. இத்தனை நாளும் வந்தான், போட்டான், போனான். கடைப் பக்கம் தலையைத் திருப்பலை. அந்தா, அந்த ஓரத்துல பொட்டலம் இருக்கு பாத்தியா, அது அவனுக்கு. பொடி தோசை. தினமும் கட்டி வைக்கிறேன், தினமும் ஆறிப்போய் நாய்க்குப் போடுறேன். இன்னைக்கும் திரும்பாமப் போயிட்டான்னா, அப்புறம் அவன் இந்தத் தெருவுக்கு வர வேலையே இல்லை. அவனை நான் எங்கே போய்ப் பாக்குறது, சொல்லு. இருக்கிறது அவன் சிநேகிதன் ரூம்ல. அங்க போனா கதவு பூட்டியிருக்கு.

இந்தா வர்றேன்ணே, சட்னி அந்த வாளியில இருக்கு, ஊத்திக்கோங்க.

என்ன சொன்னே, இங்கிலீஷா? எனக்கா? ஆறாவதோட நிறுத்திட்டாங்கம்மா. இன்னைக்கும் பஸ்ல போர்டு இங்கிலீஷ்ல போட்டிருந்தா பக்கத்துல நிக்கிறவங்களைத்தான் கேப்பேன். ஆனா இந்த வார்த்தையெல்லாம் தானா வந்து ஒட்டிக்கிச்சு. பார்சல் கட்டுற வரைக்கும் போலீஸ்காரங்க சும்மாவா நிப்பாங்க? பேசிக்கிட்டே நிப்பாங்க. இவனை ரிமாண்ட் பண்ணியாச்சு, அவனுக்கு ஸ்யூரிட்டிக்கு ஆள் கிடைக்கலை, இதுல சார்ஜ் ஷீட் போடணும், அதுல சாட்சி ஹாஸ்டைல் ஆயிட்டான்னு. கேட்டுக்கேட்டு எனக்கு எது பெருசு, எது சின்னதுன்னு தெரிஞ்சு போச்சு. மனு குடுக்க வர்ற பொம்பளைங்க இங்க உட்கார்ந்து அழுவாங்க. நான்தான் தேத்துவேன். "இது சி.எஸ்.ஆர். ரசீதுதாம்மா. மனுவை வாங்கிக்கிட்டோம்னு எழுதிக் குடுக்கிறது. இன்னும் எப்.ஐ.ஆர். ஆகலை, எப்.ஐ.ஆர். ஆனாத்தான் கேஸு. மூஞ்சியைக் கழுவிட்டு ரெண்டு இட்லி சாப்பிடு"ம்பேன். அவங்களும் சாப்பிடுவாங்க. வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சா பாதி பயம் போயிடும். உனக்கும் அதுக்குத்தான் சொல்றேன்.

உன் தம்பிக்கு என்ன, போன்ல சீட்டாடுறானா? அதுவும் கெட்டதுதான். என் மகன் அது கூட இல்லை. அவன் பேரு இசக்கிராஜா. பைக் மெக்கானிக். பஜார்ல ஒரு கடை எடுத்து நடத்தினான். கை சுத்தம், வேலை சுத்தம், யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அவங்க அப்பா போனதுக்கப்புறம் நான் வளத்த வளப்பு. ஆனா ஒரு ஆறு மாசத்துக்கு முன்னால வீட்டுக்கு லேட்டா வர ஆரம்பிச்சான். ஒரு நாள் பீர் வாடை. கேட்டா, "கல்யாண வீடும்மா"ங்கிறான். இன்னொரு நாள், சிநேகிதனோட ரூம் எடுத்துத் தங்கப் போறேன்னான். பெத்த தாய் இருக்கும்போது ரூம் எதுக்கு? நீயே சொல்லு, எதுக்கு ரூம்? உலையில அரிசி போட்டா கூட அதே நினைப்பு. கெட்டுப் போறான், கை மீறிப் போறான்னு.

எல்லாரும் செய்யறதுதானே. நீ புதுசா செய்யலை, நானும் புதுசா செய்யலை. மீன்கடை ஞானம்மா மகன் படிக்காம சுத்துறான்னு இதே ஏட்டய்யாகிட்டத்தான் கொண்டு வந்து விட்டா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உட்கார வச்சு, ரெண்டு அதட்டு அதட்டி, முதுகுல ஒரு அறை வச்சு அனுப்பினாங்க. இப்ப ஆட்டோ ஓட்டுறான், அம்மாவை ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறான். அதைப் பாத்துத்தான் நானும் கேட்டேன். "ஏட்டய்யா, என் மகனைக் கொஞ்சம் மிரட்டி விடணும்"னு.

அவர் டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு, "என்னக்கா, என்ன கேஸ் போடலாம்?"னு சிரிச்சார்.

மத்தவளா இருந்தா அழுதிருப்பா. நான் அழலை. "பெரிய கேஸெல்லாம் வேண்டாம்யா. பெட்டி கேஸ் போடப் போறோம்னு சும்மா சொல்லி ஒரு நாள் உட்கார வைங்க. எப்.ஐ.ஆர். வேண்டாம், என்கொயரியோட விட்டுருங்க"ன்னேன். அவர் சத்தமா சிரிச்சுட்டார். "அக்கா, நீங்க ஸ்டேஷனுக்கு ரைட்டராவே வந்துடலாம்"னார். கூட நின்ன போலீஸ்காரங்களும் சிரிச்சாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை.

உன் தம்பியை என்ன சொல்லி வரச் சொல்லியிருக்கே? ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்கணும்னா? பஸ்ல வந்துக்கிட்டு இருக்கானா? நல்ல யோசனை. அப்படித்தான் சொல்லணும், ஸ்டேஷன்னு சொன்னா எவன் வருவான். நான் சாம்பார் தூக்கைக் குடுத்தேன். "கனமா இருக்குய்யா, உள்ளே கொண்டு போய் வச்சுட்டு அப்படியே கடைக்குப் போ"ன்னேன். தூக்கிக்கிட்டு முன்னால போனான், நான் இட்லி வாளியோட பின்னால போனேன். ஏட்டய்யா அவன் தோளைத் தட்டி, "தம்பி, இப்படி உட்காரு, பேசணும்"னார். நான் வாளியை வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். இந்த விஷயம் அவனுக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் உட்கார வச்சாங்கன்னு இன்னை வரைக்கும் தெரியாது. அவன் வந்தா நீயும் வாயைத் திறந்துடாதே. உன்கிட்ட ஏன் சொன்னேன்னா, நீயும் ஒரு பிள்ளையை வளத்தவ. தம்பின்னாலும் பிள்ளைதானே.

வடை வேணுமா? சூடா இருக்கு. வேண்டாமா? முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? தண்ணியாவது குடி.

உள்ளே ஒரு வழக்கம் இருக்கும்மா, உனக்குத் தெரிஞ்சிருக்காது. லாக்கப்ல இருக்கிறவங்களுக்கும் நம்ம கடைப் பார்சல்தான் போகும். ஆனா அந்தப் பொட்டலத்துக்கு நூல் கட்டக் கூடாது. லாக்கப்புக்குள்ள போறவன் சட்டை, பெல்ட்டு, அரைஞாண் கயிறு முதக்கொண்டு எல்லாத்தையும் வாங்கி வச்சுருவாங்க, எதையாவது பண்ணிக்கிடக் கூடாதுன்னு. அதனால இலையை மடிச்சு, பேப்பரைச் சொருகிக் குடுக்கணும். "அக்கா, அக்யூஸ்டுக்கு ஒண்ணு, நூல் வேண்டாம்"பாங்க. நான் சொருகிக் குடுத்துருவேன். யாருன்னு கேக்க மாட்டேன். அது என் பழக்கமில்லை. கேட்டா அப்புறம் சோறு இறங்காது.

அன்னைக்குச் சாயங்காலம் ராஜாவுக்கு நானே பொடி தோசை ஊத்தி, நெய் விட்டு, நூல் சுத்தி வச்சிருந்தேன். பெஞ்சுல உட்கார்ந்து பசியா இருப்பான்னு. புதுசா வந்த சின்னப் போலீஸ்காரர் வந்தார். பொட்டலத்தைக் கையில எடுத்தார், திரும்ப வச்சார்.

"அக்கா, நூல் வேண்டாம்"னார்.

"இது பெஞ்சுல இருக்கிற என் மகனுக்குய்யா"ன்னேன்.

அவர் என் மூஞ்சியைப் பாக்கலை. கல்லுல கிடந்த தோசையையே பாத்துக்கிட்டு, "நூல் வேண்டாம்க்கா"ன்னார் மறுபடியும்.

நான் அவிழ்த்தேன். வேற என்ன பண்றது? கை அவிழ்க்குது. அரைஞாண் கயிறு நான் கட்டி விட்டது, போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தப்ப மந்திரிச்சுக் கட்டினது. அதையும் அறுத்திருப்பாங்கன்னு அப்பத்தான் தோணுது.

எல்லாம் அந்தப் புது இன்ஸ்பெக்டரால வந்தது. ஏட்டய்யா மேல குத்தமே இல்லை. மத்தியானம் கிரைம் மீட்டிங் போயிருக்கார் இன்ஸ்பெக்டர். காணாமப் போன பைக்கெல்லாம் இன்னும் ஏன் டிடெக்ட் ஆகலைன்னு மேல இருக்கிறவங்க எல்லார் முன்னாலயும் வச்சு வாங்கியிருக்காங்க. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்தா, பெஞ்சுல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். யாருடா நீன்னு கேட்டா பைக் மெக்கானிக்குங்கிறான். எதுக்கு இருக்கேன்னு கேட்டா, தெரியலைங்கிறான். ஏட்டய்யா அந்த நேரம் சாப்பிடப் போயிருக்கார். அவன் கடையில போய்ப் பாத்தா பழைய இன்ஜின் ஒண்ணு கிடக்கு. மெக்கானிக் கடையில இன்ஜின் கிடக்காம இட்லிச் சட்டியா கிடக்கும்? அதைத் திருட்டுப் பொருள் கிடைச்சுருச்சு, ரெக்கவரின்னு எழுதிட்டாங்க. அவன் கன்ஃபெஷன் குடுத்தான்னு எழுதிட்டாங்க. கன்ஃபெஷன்னா, ஆமா நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிறது.

இவனும் சும்மா இருந்திருக்கலாம். "எதுக்கு சார் என்னை உட்கார வச்சிருக்கீங்க? நான் என்ன பண்ணேன்?"னு கேட்டிருக்கான். கேள்வி கேட்டா கோபம் வராதா? அவங்களும் மனுசங்கதானே. என்னைக் கேட்டிருந்தா, ஐயான்னு சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டு இருன்னு சொல்லிக் குடுத்திருப்பேன்.

மறுநாள் கோர்ட்டுக்குப் போனேன். மேஜிஸ்ட்ரேட் ஒரு சின்னப் பொண்ணும்மா, உன் வயசுதான் இருக்கும். "அடிச்சாங்களா?"னு கேட்டாங்க. இவன், இல்லைன்னான். ஒரு பக்கமா சாய்ஞ்சு நின்னுக்கிட்டு இல்லைங்கிறான். அப்புறம் அந்தம்மா குனிஞ்சு எழுதிக்கிட்டே ரிமாண்ட்னு சொன்னாங்க. நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்த வார்த்தையை. ஊறுகாய் போடவான்னு கேக்குற மாதிரி, "என்னய்யா, நேத்து பிடிச்சவனை ரிமாண்ட் பண்ணியாச்சா?"னு கேட்டிருக்கேன். அன்னைக்கு அது காதுல விழுந்ததும் எனக்கு அர்த்தமே தெரியலை. பக்கத்துல நின்ன வக்கீல் குமாஸ்தாவைப் பிடிச்சு, "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க"ன்னு கேக்குறேன். "ஜெயிலுக்கும்மா"ன்னார். வேன்ல ஏத்தும்போது இவன் என்னைப் பாத்தான். அவன் என் மூஞ்சியைக் கடைசியாப் பாத்தது அப்பத்தான்.

ஜெயில்ல போய்ப் பாக்கலையான்னு கேக்காதே. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. மனு போட்டுப் பாக்கலாம், தெரியும் எனக்கு. கடையை யார் பாக்குறது? காலையில ஸ்டேஷனுக்கு டிபன் போகலைன்னா, மகனைப் பிடிச்சதால கோபம், டிபனை நிறுத்திட்டாள்னு பேச மாட்டாங்களா? அவங்களைப் பகைச்சுக்கிட்டா அவனுக்குத்தானே கஷ்டம்? அதனால ஒரு நாள் விடாமக் கொண்டு போனேன். சாம்பார்ல கூட ஒரு குறை வைக்கலை. அவனுக்காகத்தான். அது அவனுக்குப் புரியலை. புரிஞ்சிருந்தா இப்படித் தலையைத் திருப்பாமப் போவானா? வக்கீல் சரியில்லை, பெயில் லேட்டாச்சு, அந்தக் கோபம்தான் அவனுக்கு. வேற என்ன கோபம் இருக்கு?

மதுரையில பெரிய ஷோரூம்ல வேலை வர்ற மாதிரி இருந்துச்சு அவனுக்கு. போலீஸ் சர்டிபிகேட் கேட்டாங்களாம். இந்த ஸ்டேஷன்லதான் வாங்கணும். கேஸ் பெண்டிங்னு எழுதி அனுப்பிட்டாங்க. ஷோரூம்காரங்க அதுக்கப்புறம் போனே எடுக்கலையாம். ரூம் எடுக்கணும்னு சொன்னது கூட அந்த வேலைக்குத் தயார் பண்றதுக்காம், சிநேகிதன் சொன்னான். அதை அப்பவே என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? வாயில கொழுக்கட்டையா? சொல்லியிருந்தா நான் ஏன்...

அந்தா வர்றான்.

திரும்பாதே. திரும்பாதேன்னா. நீலச் சட்டை. எப்படி இளைச்சுட்டான் பாரு. கேட்டுக்குள்ள போறான். கையெழுத்துப் போட அதிக நேரம் ஆகாது, பாரா பக்கத்துலயே நோட்டு இருக்கு. கூட்டம் இருந்தாத்தான் லேட்டாகும். இன்னைக்குக் கூட்டம் இல்லை. இரு, பொட்டலத்துக்கு இன்னும் ஒரு சுத்து நூல் சுத்துறேன், இலை பிரியுது. பிரியலையா? இருக்கட்டும், இன்னும் ஒரு சுத்து.

யாரு கத்துறது? பாராதான். உன்னைத்தான்மா கூப்பிடுறார். "தம்பியை உள்ளே வைக்கணும்னு சொன்ன அம்மா! ஏட்டு வந்துக்கிட்டு இருக்கார், தம்பியைக் கூட்டிட்டு வந்துருங்க"ங்கிறார். சரி சரின்னு கையைக் காட்டு. இவர் ஏன் ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறார், விவஸ்தை இல்லாத மனுசன். ராஜா பக்கத்துலயே நிக்கிறான், அவன் காதுல விழுந்திருக்கும்.

பாக்குறான். இங்க பாக்குறான்! நம்ம கடையைத்தான் பாக்குறான். ரோட்டைத் தாண்டுறான்மா. லாரி வருது, பாத்து வாய்யா! நீ ஒண்ணும் பேசாதே. நான் சொன்னதையெல்லாம் மறந்துரு. சாம்பார் தூக்கைப் பத்தி மூச்சு விடாதே.

வாய்யா. வா ராசா. உட்காரு. இலை போடவா? கல்லு சூடாத்தான் இருக்கு, உனக்குன்னு...

என்னய்யா? அவங்ககிட்டயா? அவங்க வெளியூரு, உனக்குத் தெரியாது. இல்லை, அக்கான்னு கூப்பிடு, தப்பில்லை, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா அம்மாகிட்ட ஒரு வார்த்தை... சரி, பேசு. நான் பேசலை. நீ பேசு.

என்ன சொல்றே நீ? "உள்ளே கூட்டிட்டுப் போகாதீங்கக்கா, வீட்ல வச்சே திட்டுங்க, அடிக்கணும்னாலும் நீங்களே அடிங்க"ன்னா? நல்லாத்தான் சொல்றான்மா, ஆனா இவங்க தம்பி விஷயம் வேறய்யா, இவங்க தம்பி போன்ல சீட்டாடுறான்...

என்ன தூக்கு?

எந்தச் சாம்பார் தூக்கு? "எங்கம்மாவும் சாம்பார் தூக்கைக் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போச்சு"ங்கிறான். நான் எப்பய்யா... கனமா இருந்துச்சு, தூக்க முடியலை, அதுக்குத்தான்... யாரு சொன்னது உனக்கு? ஏட்டய்யாவா? லாக்கப்ல வச்சேவா சொன்னார்? அன்னைக்கேவா?

அப்ப வேன்ல ஏறும்போது, நீ என்னைப் பாத்தப்ப...

எங்கேய்யா போறே? பொட்டலம். ராஜா, பொட்டலத்தை எடுத்துட்டுப் போய்யா. நீ ஒண்ணும் பேச வேண்டாம், எடுத்துட்டு மட்டும் போ. ராஜா!

மறந்துட்டான். பேசிக்கிட்டே வந்ததுல மறந்துட்டான். பாத்தியாம்மா, வந்தான்ல? என்கிட்ட இல்லைன்னாலும் என் கடையில வந்து நின்னுதானே பேசினான்? இத்தனை நாள் இல்லாம இன்னைக்கு வந்தான்ல? இந்த பெஞ்சுல கை வச்சான். நீயும்தானே பாத்தே?

யாருக்குப் போன் பண்றே? தம்பிக்கா? "வராதே, அடுத்த ஸ்டாப்ல இறங்கி நில்லு, நான் வர்றேன்"னா? ஏம்மா, ஏட்டய்யா இப்ப வந்துருவார். இவர் நல்லவர்தான்மா. அன்னைக்குச் சாப்பிடப் போயிட்டார், அவ்வளவுதான். நான் கூட வந்து சொல்றேன்னேன்ல? என்கொயரியோட விட்டுருவாங்க. இவன் சின்னப் பையன், என்னமோ சொல்லிட்டுப் போறான், அதைப் போய்... செருப்பை ஏன் மாத்திப் போடுறே, மெதுவாப் போ. டீக்கெல்லாம் ஒண்ணும் வேண்டாம். இன்னொரு நாள் வா. இல்லை, வராதே. நான் என்ன சொல்றேன்னா... போ, பஸ் போயிடப் போகுது. ஓடு.

வாங்க போலீஸ் தம்பி. இல்லை, ஏட்டய்யா இன்னும் வரலை. அந்த அம்மாவா? போயிட்டாங்க. வேலை இருக்குதாம். இல்லை, திரும்பி வர மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

பார்சலா? எத்தனை? ஒண்ணா? புது மாவு இப்பத்தான் ஊத்தணும், நேரமாகும். இதை எடுத்துக்கோங்க, சூடு ஆறலை. பொடி தோசை, நெய் விட்டிருக்கு. அக்யூஸ்டுக்கா? தெரியும் தம்பி, நூல் வேண்டாம். இருங்க அவிழ்க்கிறேன். நிறையச் சுத்திட்டேன் இன்னைக்கு. முடிச்சு கிடைக்க மாட்டேங்குது. வந்துருச்சு.

தம்பி, உள்ளே இருக்கிற அந்தப் பிள்ளை பேரு என்ன?

ஒண்ணுமில்லை, சும்மாதான் கேட்டேன். அவங்க அம்மா தேடிக்கிட்டு வந்தா, இங்க உட்காரச் சொல்லணும்ல.